கொள்கை கொல்லுமா?

சென்ற கிழமை ஒரு பிற்பகல். பாடம் முடிந்து மாணாக்கர் கலைந்துகொண்டிருந்தனர். ஒலுவில் கடலின் இரைச்சல் காற்றோடு கலந்து சாளரத்தினூடாக வகுப்பறைக்குள் வந்துகொண்டிருந்தது. ஒருவர் மட்டும் கடைசி வாங்கில் புத்தகங்களை அடுக்கியவாறு அமர்ந்திருந்தார். ஏனையோர் யாவரும் வெளியேறிய பின்னர் எழுந்து என் மேசையருகே வந்தார்.

“சேர், பாடத்தில் இல்லாத கேள்வி ஒன்று கேட்கலாமா?”

“கேளும் தம்பி.”

“கொள்கை ஆளைக் கொல்லுமா, சேர்? இல்லாவிட்டால், கொல்ல நினைக்கிறவன்தான் பிறகு ஒரு கொள்கையைத் தேடிப் பிடிக்கிறானா?”

வினாவின் கூர்மை என்னைத் திகைக்க வைத்தது. எதனால் இவ்வையம் எழுந்தது என்று வினவினேன். அவர் சாய்ந்தமருதைச் சேர்ந்தவர். 2019ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் அவருக்குப் பதினான்கு வயது.

“அன்றிரவு வெடிச்சத்தம் கேட்டதும் உம்மா என்னையும் தங்கச்சியையும் கட்டிலுக்குக் கீழே படுக்க வைத்தா. விடியும்வரை அங்கேதான் கிடந்தோம். அடுத்த நாள், அந்த வீட்டுக்குள் இருந்த பிள்ளைகளும் செத்துப்போனார்கள் என்று சொன்னார்கள். அவர்கள் என்னைவிடச் சின்னவர்கள், சேர். சொந்தப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெடிக்க வைக்கிற மனம் எங்கேயிருந்து வருகிறது?”

நான் உடனே மறுமொழி கூறவில்லை. கூற இயலவில்லை என்பதே உண்மை. ஒரு கிழமை முழுவதும் அவ்வினா என்னைத் தொடர்ந்தது. இவ்வாரப் பகுதியை அம்மாணவருக்கு விடையாகவே எழுதுகின்றேன். வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் உள்ள பெற்றோரும் இதனைப் படிப்பாராயின் மகிழ்வேன்.

முதலில் நிகழ்ந்ததை நினைவுகூர்வோம். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு தினத்தன்று, கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகிய மூன்று வழிபாட்டிடங்களிலும், கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சீயோன் தேவாலயத்தில் மாண்டோருள் சிறுவர் பலர். கூட்டத்தின் தலைவரான சஹ்ரான் ஹாஷிம் என்பவர் காத்தான்குடியைச் சேர்ந்தவர். ஷங்ரி-லா ஹோட்டலில் தம்மையும் மாய்த்துப் பிறரையும் மாய்த்தார். ஐந்து நாட்களின் பின், ஏப்ரல் 26ஆம் திகதி இரவு, அவருடைய தந்தையும் சகோதரரும் உள்ளிட்ட குழுவினர் சாய்ந்தமருதில் ஒரு வாடகை வீட்டில் இருப்பது தெரியவந்தது. சுனாமியில் வீடிழந்தோர்க்கென எழுப்பப்பட்ட குடியிருப்பு அது. ஐயங்கொண்டு அதிகாரிகளுக்கு அறிவித்தோர் அவ்வூர் முஸ்லிம் மக்களே. படையினர் சூழ்ந்தபோது உள்ளிருந்தோர் குண்டுகளை வெடிக்கச் செய்தனர். ஆறு சிறுவர் உட்படப் பதினைந்து பேரின் உடல்கள் அங்கே கிடந்தன.

ஒலுவிலிலிருந்து வடக்கே நிந்தவூரையும் காரைதீவையும் கடந்தால் சாய்ந்தமருது. பேருந்தில் அரைமணி நேரப் பயணம். உலகச் செய்தியாகிய ஒன்று எங்கள் தெருவின் செய்தியுமாகியது.

இனி மாணவரின் வினாவுக்கு வருவோம். இதற்கு இருவகை விடைகள் கூறப்படுவதுண்டு. கொள்கையே குற்றவாளி என்பர் ஒரு சாரார். கொள்கை வெறும் போர்வை, உள்ளே இருப்பது பதவியாசையும் பணவாசையும் வஞ்சினமுமே என்பர் மறு சாரார். இரண்டுக்கும் நம் கண்முன் சான்று உண்டு.

பிரதமர் பண்டாரநாயக்கா 1959 செப்டெம்பர் 25ஆம் திகதி தம் இல்லத்தில் ஒரு பௌத்த துறவியால் சுடப்பட்டு மறுநாள் உயிர்நீத்தார். சுட்டவர் தல்துவே சோமாராம தேரர். சதிக்குத் தலைமை தாங்கியவர் களனி விகாரையின் தலைமைத் துறவியாகிய மாப்பிட்டிகம புத்தரக்கித்த தேரர். மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு இது மதத் தீவிரத்தின் செயலாகத் தோன்றும். வழக்கு விசாரணையை உற்று நோக்கினோர்க்கோ, தேர்தலில் உதவி செய்தும் தாம் எதிர்பார்த்த வணிக நலன்கள் கைகூடாமற்போன ஆத்திரமும் அங்கே தென்பட்டது. காவியுடையும் நாட்டுப்பற்றுப் பேச்சும் அந்த ஆத்திரத்துக்குத் திரையாயின எனலாம்.

காந்தியடிகளைக் கொன்ற கோட்சேயின் கதை வேறு. 1948 ஜனவரி 30ஆம் திகதி அவர் சுட்டதில் பணமும் இல்லை, பதவியும் இல்லை. புனாவில் பத்திரிகை நடத்திய அம்மனிதர், தாம் எழுதியதைத் தாமே முழுமையாக நம்பினார். தம் செயல் தருமம் என்றே நீதிமன்றத்தில் வாதிட்டார். நான் ஓர் இந்து. ஆதலின் இவ்வுதாரணத்தை முதலிற் கூறுவது என் கடமை. நாள்தோறும் இறைவன் பெயரை உச்சரித்த ஒரு முதியவரை, அவ்விறைவனின் சமயத்தைக் காப்பதாகக் கூறிய ஒருவரே, வழிபாட்டுக்குச் செல்லும் வழியிற் கொன்றார்.

வறுமைதான் காரணம் என்று சிலர் கூறுவர். உயிர்த்த ஞாயிறுக் கொலையாளிகளுள் இருவர் கொழும்பில் பெருஞ்செல்வரான வாசனைத்திரவிய வணிகர் ஒருவரின் புதல்வர். வேறொருவர் வெளிநாட்டில் உயர்கல்வி கற்றவர். இன்மையும் கல்லாமையும் இவர்களை அவ்வழியிற் செலுத்தவில்லை. பட்ட துன்பமே காரணம் என்று வேறு சிலர் கூறுவர். காத்தான்குடி பட்ட துன்பம் சிறிதன்று. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு, இரு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோரை விடுதலைப் புலிகள் சுட்டனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் தொழுகை விரிப்பிலேயே மடிந்தனர். சஹ்ரான் அப்போது அவ்வூரில் சிறு பிள்ளை. ஆயினும் அதே இரவின் அழுகுரலைக் கேட்டு வளர்ந்த பல்லாயிரம் பிள்ளைகள் ஆசிரியராயினர், மருத்துவராயினர், கடை வைத்தனர், கடலுக்குப் போயினர். ஒரே துயரம் ஒருவரைக் கொலைஞராக்கியது, பல்லாயிரவரை மனிதராகவே விட்டுவைத்தது எனின், துயரத்துக்கும் கொலைக்கும் இடையில் வேறொன்று நின்று வேலை செய்திருத்தல் வேண்டும்.

அவ்வேறொன்று யாது? என் சொந்த வாழ்விலிருந்து ஒன்று கூறுகின்றேன். இதுவரை இப்பகுதியில் எழுதாதது.

1990இல் எனக்கு வயது பத்து. எங்கள் தமிழ்க் கிராமத்தில் வீட்டுத் திண்ணையில் வானொலிப் பெட்டியைச் சுற்றிப் பெரியவர்கள் அமர்ந்திருந்தனர். காத்தான்குடிச் செய்தி வந்தது. என் தாயார் மட்டும் “ஐயோ, தொழுத சனங்களையா?” என்று வாய்விட்டு அழுதார். பெரியவர் ஒருவர், “அவர்கள் காட்டிக்கொடுத்தவர்கள்” என்றார். திண்ணையில் அமைதி நிலவியது. ஒருவரேனும் மறுக்கவில்லை. பத்து வயதுச் சிறுவனாகிய நான் அச்சொல்லை அப்படியே விழுங்கினேன். அப்போது என் மனத்தில் எழுந்தது இரக்கமன்று. ஏதோ கணக்குச் சரியாகிவிட்டது என்ற நிம்மதி. இன்று அதனை எண்ணும்போது உடல் நடுங்குகின்றது. நான் துப்பாக்கி எடுக்கவில்லை, எடுக்கும் வயதுமில்லை. ஆனால் துப்பாக்கி எடுத்தவனின் மனத்துக்கும் என் மனத்துக்கும் அன்றிரவு அதிக தூரம் இருக்கவில்லை. அத்தூரத்தை அழித்தது ஒரே ஒரு சொல்.

ஒன்பது நாட்களின் பின், ஓகஸ்ட் 12ஆம் திகதி, வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் பலர் கொல்லப்பட்டனர். தாக்க வந்தோரில் முஸ்லிம் ஊர்காவற்படையினரும் இருந்தனர் எனத் தப்பியோர் சாட்சி கூறினர். அன்று எங்கள் திண்ணையிலிருந்த யாவரும் அழுதனர். வேறு யாதோ ஒரு திண்ணையில், வேறு யாரோ ஒரு பெரியவர், எங்களைப்பற்றி அதே சொல்லைச் சொல்லியிருப்பார். அங்கும் ஒரு பத்து வயதுச் சிறுவன் அதனைக் கேட்டிருப்பான். அவன் இன்று என்னுடன் பணிபுரியும் நண்பருள் ஒருவனாகவும் இருக்கலாம்.

ஆகவே நான் கண்ட விடை இதுவே. கொள்கை தானாக எழுந்து சென்று எவரையும் கொல்வதில்லை. ஆனால் கொலைக்கு முன் மனிதமனம் இயல்பாகவே கூசும். அக்கூச்சத்தைத் துடைத்தெறியும் வேலையைத் தீவிரக் கொள்கை செய்துகொடுக்கின்றது. எதிரில் இருப்பவர் தாயல்லர், பிள்ளையல்லர், தொழுபவரல்லர். அவர் ‘துரோகி’, ‘வழிகெட்டவர்’, ‘அந்நியர்’ என்று பெயர் மாற்றிவிடுகின்றது. பெயர் மாறியபின் கை கூசுவதில்லை. துன்பமும் வஞ்சினமும் ஆசையும் எங்கும் உண்டு. அவற்றைக் கொலையாக உருமாற்றுவதற்கு ஓர் அகராதி தேவைப்படுகின்றது. அதனை அச்சிட்டு வழங்குவது தீவிரவாதம்.

நான் மொழி கற்பிப்பவன். சஹ்ரான் நிகழ்த்திய பிரசங்கங்கள் எம்மொழியில் இருந்தன? தமிழில். நான் வகுப்பில் எழுவாய், பயனிலை என்று பிரித்துக் காட்டும் அதே தமிழில். புலிகளின் மேடைகளிலும் சுவரொட்டிகளிலும் இருந்தது அதே தமிழ். இதனை எண்ணும்தோறும் என் தொழிலின்மீதே எனக்கு அச்சம் பிறக்கின்றது. மொழியின் அழகைக் கற்பித்தோம். அழகாகப் பேசுபவர் பொய்யும் பேசலாம் என்பதைக் கற்பித்தோமா?

இவ்வகராதியில் ஒரு தனித்தன்மை உண்டு. பெற்றோர் இதனைக் கவனித்தல் நன்று. தீவிரவாதம் முதலிற் குறிவைப்பது பகைவரையன்று; தன் சொந்த வீட்டாரையே. சஹ்ரான் தேவாலயங்களைத் தாக்குவதற்கு ஈராண்டுகளுக்கு முன்னரே, 2017 மார்ச்சில், காத்தான்குடியில் ஸூபி மரபைப் பின்பற்றும் முஸ்லிம்களோடு அவருடைய கூட்டத்தினர் மோதினர்; அதன் பின்னர்தான் அவர் தலைமறைவானார். கோட்சே சுட்டது ஓர் இந்துவை. தென்னிலங்கையில் 1988 பெப்ரவரியில் ஜே.வி.பி.யினரின் வன்முறைக் காலத்தில் பலியான விஜய குமாரதுங்க, சிங்கள மக்கள் நெஞ்சாரப் போற்றிய கலைஞர், இடதுசாரி.

தமிழர் வரலாறு இதற்குப் பெருஞ்சான்று. யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா 1975 ஜூலை 27ஆம் திகதி பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலில் வழிபடச் சென்றவிடத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு முன்னரே அரசியல் மேடைகளில் அவரைத் துரோகி என்று பலமுறை வைதிருந்தனர். மேடையிற் பேசியோர் எவரும் துப்பாக்கி ஏந்தியோரல்லர். பெரும்பாலோர் சட்டம் பயின்ற கனவான்கள். சொல் அவர்களுடையது, சூடு இளைஞருடையது. பதினான்கு ஆண்டுகள் சென்றன. 1989 ஜூலை 13ஆம் திகதி, அம்மேடைகளின் தலைவருள் ஒருவரான அமிர்தலிங்கம் கொழும்பில் தம் இல்லத்தில், விருந்தினராக வந்த புலிகளுக்குத் தேநீர் உபசாரம் செய்த வேளையிற் சுடப்பட்டார். அவருக்கும் அப்பெயரே சூட்டப்பட்டிருந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீட விரிவுரையாளர் ராஜினி திராணகம வீதியில் வீழ்ந்தார். எல்லாத் தரப்பாரின் கொடுமைகளையும் ஒரே தராசில் நிறுத்தி எழுதியமையே அவர் செய்த குற்றம். ஒரு சொல்லை அவிழ்த்துவிட்டால் அது யார் வீட்டு வாசலில் வந்து நிற்கும் என்பதை அவிழ்த்துவிட்டவராலும் கூற முடிவதில்லை.

இன்னுமொன்று. ஒரு தீவிரவாதம் மற்றொன்றுக்கு உணவு. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரிலே ஒரு முஸ்லிம் உணவகத்தில், உணவிற் கிடந்த மாவுக்கட்டியைக் காட்டி, இது கருத்தடை மாத்திரை என்று கூச்சலிட்டனர். சிங்களம் நன்கறியாத ஊழியரை மிரட்டித் தலையசைக்க வைத்து, அதனைப் படம்பிடித்து முகநூலிற் பரப்பினர். பள்ளிவாசல் தாக்கப்பட்டது. கடைகள் உடைக்கப்பட்டன. அது வெறும் மாவே என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். உணவில் இட்டு மலடாக்கும் அத்தகைய மாத்திரை உலகில் இல்லை என்று மருத்துவரும் கூறினர். ஆனால் அதற்குள் மார்ச் முதல் வாரத்தில் கண்டி மாவட்டத்துத் திகனையும் தெல்தெனியாவும் எரிந்துவிட்டன. மார்ச் 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம் பிரகடனஞ் செய்யப்பட்டது. அத்தீ, முஸ்லிம் இளைஞரைத் தம் பக்கம் இழுக்க முயன்ற கொலைப் பிரசாரகருக்கு எத்துணை வாய்ப்பாக இருந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. அவர்கள் குண்டு வைத்தனர். அக்குண்டு மறுதரப்பாருக்கு வாய்ப்பாயிற்று. 2019 மே 13ஆம் திகதியளவில் குருணாகல், புத்தளம் மாவட்டங்களிலும் மினுவாங்கொடையிலும் எப்பாவமும் அறியாத முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. ஒருவரையொருவர் அழிப்பதாகக் கூறும் இவ்விரு கூட்டத்தாரும் ஒருவராலேயே ஒருவர் வாழ்கின்றனர்.

இவ்விடத்து ஓர் ஐயம் எழலாம். அவ்வாறாயின் அழுத்தமான கொள்கை உடையோர் யாவரும் ஆபத்தானவரோ? ஆழ்ந்த சமயப்பற்றும், தன் இனத்தின் உரிமைக்காக உரத்துப் பேசுதலும் தீவிரவாதமோ? ஒருபோதும் இல்லை. இதற்கு ஒலுவிலே சாட்சி. போர்க்காலத்தில் வந்தாறுமூலைக்குச் சென்று பயில முடியாது தவித்த முஸ்லிம் மாணவருக்காக 1995இல் தோன்றியதே இன்று ஒலுவிலில் நிலைபெற்றுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம். அதற்கு அடிகோலிய அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரப், தம் மக்களின் மனக்குறையை வாக்குச்சீட்டாகவும் கல்லூரியாகவும் மாற்றினார். ஆயுதம் எளிதிற் கிடைத்த காலத்தில் பல இளைஞர் அவருடைய கட்சிக்கொடியைப் பிடித்தமையால் துப்பாக்கியைப் பிடிக்கவில்லை. 2003 ஜனவரியில் இவ்வூரில் ஒலித்த ஒலுவில் பிரகடனம் முஸ்லிம்களின் சுயநிர்ணய உரிமையைக் கோரியது. அக்கோரிக்கையோடு உடன்படாதோர் பலர். நானும் சிலவற்றில் வேறுபடுவேன். ஆயினும் பகல் வெளிச்சத்தில், பல்லாயிரவர் முன்னிலையில், எவர் மயிரிழைக்கும் ஊறின்றி அது வாசிக்கப்பட்டது. கோரிக்கை கடுமையாக இருக்கலாம். மறுப்பவனை வாழவிடுகின்றதா என்பதே கேள்வி. இன்று அப்பல்கலைக்கழகத்தில் முஸ்லிம், தமிழ், சிங்கள மாணவர் ஒருங்கே பயில்கின்றனர்.

அரசின் பொறுப்பையும் மறைத்தல் கூடாது. சஹ்ரானைப்பற்றி முஸ்லிம் சமூகத்தவரே பாதுகாப்புத் தரப்பாரிடம் முன்னரே முறையிட்டிருந்தனர். 2019 ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. எவரும் அசையவில்லை. 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம், கடமை தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபா நட்டஈடு வழங்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. உயர் பதவியில் இருந்த ஏனைய அதிகாரிகளும் நட்டஈடு செலுத்தப் பணிக்கப்பட்டனர். கொள்கை கூச்சத்தைத் துடைத்தது. அசட்டை கதவைத் திறந்துவிட்டது.

அரசு செய்ய வேண்டியதை அரசு செய்யட்டும். நம் வீட்டில் நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. குண்டுவெடிப்பின் பின், ஊரடங்கு தளர்ந்த ஒரு காலையில், இங்குள்ள தேநீர்க்கடையில் முதியவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். தற்கொலைக் கொலைஞரின் ஜனாஸாக்களை ஏற்கமாட்டோம் என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்திருந்த நாட்கள் அவை. “காக்கா, உங்கள் மனம் எப்படியிருக்கிறது?” என்று கேட்டேன். சற்று நேரம் தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பி, மையித்தை வேண்டாம் என்று சொல்லிட்டம். அது சரிதான். அந்தப் பேச்சைப் பேசக்குள்ளேயே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேணும். எங்கட மனிசன்தானே என்று சும்மா இருந்திட்டம்” என்றார்.

நான் தலைகுனிந்தேன். எங்கள் திண்ணையும் அவ்வாறே சும்மா இருந்தது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை நீண்ட நேரம் தொழுதாலோ, விரதம் இருந்தாலோ, இனத்தின் உரிமை பேசினாலோ அஞ்ச வேண்டாம். ‘நம்மவருள் அவன் மட்டும் துரோகி’, ‘அவர்கள் எல்லாரும் அப்படித்தான்’ என்று அவன் பேசத் தொடங்கும் நாளிலே செவிசாயுங்கள். அதட்டி வாயடைக்காதீர்கள். அருகில் அமர்த்தி, “எல்லாரும் என்றால் யார்? பெயர் சொல், பார்ப்போம்” என்று கேளுங்கள். அவனுடன் படிக்கும் பிள்ளையின் பெயர், மீன் கொண்டுவரும் காக்காவின் பெயர், ஊசி போட்ட தாதியின் பெயர் எல்லாம் அவனுக்குத் தெரியும். பெயர் தெரிந்த ஒருவரைப் பட்டப்பெயரால் மூடுவது கடினம். அதைவிட முக்கியம், உங்கள் வாயிலிருந்து அத்தகைய சொல் வராமற் பார்த்துக்கொள்ளுங்கள். திண்ணையில் யார் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பதைப் பேசுவதற்கு முன் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

மாணவ நண்பரே, நீர் கேட்டதற்கு என் விடை இவ்வளவே. கொள்கை தனியே கொல்லாது. அது கொல்வதற்குக் கேட்பவரின் மௌனமும் வேண்டும். அன்றிரவு உம்மையும் உம் தங்கையையும் கட்டிலின் கீழ் மறைத்த உம்மாவும், 1990இல் எங்கள் வீட்டில் வாய்விட்டு அழுத என் தாயாரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. இருவருக்கும் எக்கொள்கையும் தெரியாது. ஆனால் எது பிள்ளை, எது பகை என்று பிரித்தறிய அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. நாம் கற்றவர்கள். அவர்களிடம் நாம் கற்க வேண்டியது இன்னும் இருக்கின்றது.